பஸ்ஸை நிறுத்தச் சொன்ன அக்கா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருந்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியின் நீல யூனிஃபார்ம் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார். அடிக்கடி அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

செம்மங்குப்பம் தாண்டியதும் சட்டென்று எழுந்தார். "கண்டக்டர், பெட்ரோல் பங்க் வந்தா நிறுத்துங்க. பாத்ரூம் போவணும்."

"கொஞ்ச நேரம் அடக்கிக்கம்மா, சிதம்பரம் வந்துடும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"சுகர் மாத்திரை வயித்தக் கலக்குது. இதுல சிரிக்க என்னா இருக்குது? உங்க வூட்லயும் ஒருத்தர் வெளிய சொல்லாம அடக்கிக்கினுதான் இருப்பாங்க."

பஸ் நின்றது. எல்லோரும் காத்திருந்தோம்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னேன். "எனக்கும் அதே மாத்திரைதான்க்கா. வயிறு தாங்கல. யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு."

"ஏன், உனக்கு வாய் இல்லியா? நான் இப்ப டாக்டர்கிட்டதான் போறேன். வேற மாத்திரை குடுங்க, இல்ல அளவ மாத்துங்கன்னு கேக்கப்போறேன். அதுவரைக்கும் இதையும் போடுவேன், பஸ்ஸையும் நிறுத்துவேன்."

சிதம்பரத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார்.

மறுநாள் நானும் என் டாக்டரிடம் போனேன். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. அப்படியும் மாத்திரையை நிறுத்தியதை முணுமுணுப்பாகத்தான் சொல்ல முடிந்தது. பஸ் முழுக்கக் கேட்கும்படி அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.