பிரிக்காத இரண்டாம் பதிப்பு

என் அக்கா கனகாம்பிகையைக் கட்டிய விஜயரட்ணம் அத்தான் மலாயாவில், ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. ரப்பர்ப் பால் கணக்கு எழுதியது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் முழுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் அச்சான நீதிக்கதைப் புத்தகங்களில்தான். நீதி யாருக்கு வேண்டும்! எந்த அச்சுக்கூடம், எத்தனையாம் பதிப்பு, படம் மரக்கட்டையில் வெட்டியதா என்றுதான் மனிதர் தடவித் தடவிப் பார்ப்பார்.

அதிலும் ஒரு நரிக்கதை அவரைப் பிடித்து ஆட்டியது. முதற்பதிப்பில் திருட்டு நரி தப்பி ஓடிவிடும். மூன்றாம் பதிப்பில் அடிபட்டுச் செத்துப்போகும்.

"பதிப்பாளர் எப்ப மனம் மாறினவர்?" என்று சோற்றில் கை வைத்தபடி கேட்பார்.

"நரியைக் கேளுங்கோ" என்பாள் அக்கா.

இரண்டாம் பதிப்பைப் பார்த்தால்தான் தெரியும். அது கிடைக்கவேயில்லை. சென்னைக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு ஓய்ந்தார்.

1950 நவராத்திரியின்போது அப்படிப் போன ஒருவர் அதைக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். தாள்களின் மடிப்புக்கூட வெட்டாத பிரதி. அதுவரை யாரும் படித்ததில்லை. நானாயிருந்தால் அந்த நிமிடமே கத்தியை எடுத்திருப்பேன். அத்தானோ, சரஸ்வதி பூசையில் வைத்து, விஜயதசமி காலையில்தான் பிரிப்பேன் என்றார்.

பூசை முடிந்த மத்தியானம் பட்டாளம் வந்தது. அவசரகாலமல்லவா! காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதாம். தோட்டத்து ஓரத்தில் எங்களைப்போல இருந்தவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலிசெய்து, முள்வேலி போட்ட புதுக் குடியிருப்புக்குள் போய்விடவேண்டும் என்றார்கள்.

"இஞ்சேருங்கோ, பிரிக்க வேண்டாம். சாமிப் படத்தோட சேர்த்துத் துணியில கட்டி ஏத்துவம்" என்று அக்கா கெஞ்சினாள்.

"உமக்கென்ன விசரே? ஏடு வைச்ச நாளில ஆரும் கை வைப்பினமே? விடிய வந்து எடுப்பம்."

நானும் கத்தினேன். மனிதர் அசைந்தால்தானே! சட்டி பானை, பாய் தலையணை எல்லாம் லோரியில் ஏறின. சரஸ்வதி படமும் புத்தகங்களும் பூசையறையிலேயே இருந்தன. அத்தான் கதவைப் பூட்டினார்.

விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வேலி வாசலில் அனுமதி கேட்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். வீடு இல்லை. காட்டிலிருந்து வருபவர்கள் காலி வீடுகளில் தங்கக்கூடாதென்று பட்டாளம் முதல்நாள் மாலையே கொளுத்திவிட்டிருந்தது. கொளுத்தப்போகிறோம் என்று ஒருவனாவது வாய் திறந்தானா? பாவிகள்!

அத்தான் சாம்பலுக்குள் இறங்கிக் கையால் கிளறினார். ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அவர் சாம்பலிலேயே உட்கார்ந்து அழுதார்.

அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதேங்கோ. பூசைக்கு வைச்சதைத் தொடாமல்தானே விட்டனீங்கள். சரஸ்வதி கோவிக்கமாட்டா" என்றாள்.

"அவ ஏன் கோவிக்கப்போறா, கனகம்?" என்றார் அத்தான். "சட்டிபானையைக் காப்பாத்திப்போட்டு, அவவை நெருப்புக்கு விட்டிட்டு வந்தவன் நான்."