நாகஜோதி நேர்ந்துவிட்ட கடா

நாகஜோதிதான் கோவிலில் ரத்தம் ஊற்றினாள் என்கிறீர்களே, யார் கண்டது? செவ்வாய்க்கிழமை விடிகாலையில் புதுப் படிக்கட்டில் ரத்தம் கிடந்தது, வாஸ்தவம். ஆனால் அவளுடைய கடா அந்நேரம் என் வேலியோரம் கருவேலங்காய் தின்றுகொண்டு நின்றது. நான்தான் விரட்டினேன். வெட்டின கடா காய் தின்னுமா? கடா இல்லாவிட்டால் கோழி என்கிறீர்கள். உங்களுக்கு எதையாவது சொல்லி அவள் தலையில் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் நரிக்குடிப் பக்கத்துப் பெண். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கும் சுப்புராஜின் வேனை ஓட்டுகிற சதீஸ்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு, என் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். மகள் சுகப்பிரியாவுக்குக் காய்ச்சலில் கண் சொருகியபோது, கண்மாய்க்கரைக் கருப்பசாமியிடம்தான் ஓடினாள். அப்போதெல்லாம் சாமி என்றால் ஒரு கல், ஒரு அரிவாள். பூசாரி நல்லமுத்து சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுவார். பிள்ளை பிழைத்தால் கடா தருகிறேன் என்று நேர்ந்து, ஒரு குட்டியின் காதை அறுத்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது. காதறுத்த கடா சாமியுடையது. அதை விற்கக் கூடாது, வேறு ஆடு மாற்றிக் கொடுக்கக் கூடாது. வெட்டும்போது அந்தப் பிள்ளையும் எதிரில் நிற்க வேண்டும்.

கடா வளர்வதற்குள் சாமி மாறிவிட்டது. அந்தச் சுப்புராஜ் கோவில் கமிட்டிக்குத் தலைவரானார். கோபுரம் எழும்பியது, கும்பாபிஷேகம் நடந்தது, மதுரையிலிருந்து ஐயர் வந்தார். இனிச் சாமி சைவம், சர்க்கரைப் பொங்கல்தான் என்று சொல்லிவிட்டார்கள். நல்லமுத்து பழைய கல்லையும் அரிவாளையும் தன் தோட்டத்து வேம்படிக்குக் கொண்டுபோனார். ஊரில் நேர்ந்துவிட்ட கடாக்களையெல்லாம் கோசாலைக்கு என்று சுப்புராஜ் வேனில் ஏற்றினார். கோசாலையில் கடாவுக்கு என்ன வேலை? எனக்கு அன்றைக்கே சந்தேகம். டவுன் கறிக்கடையில் காதறுத்த தலை ஒன்றைப் பார்த்ததாக என் மருமகள் வேறு வந்து சொன்னாள்.

நாகஜோதி மட்டும் கயிற்றை விடவில்லை. அதற்குப் பிறகுதானே படிக்கட்டில் ரத்தம்? அதனால் யாருக்கு லாபம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கே சுப்புராஜ் அவள் வாசலுக்கு வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"கடாவ வேன்ல ஏத்திரு தாயி. இல்லையா, சாமி முன்னால சூடம் அணைச்சு, ரத்தம் நான் ஊத்தலைன்னு சத்தியம் பண்ணு."

"பண்ணுறேன் அண்ணாச்சி. நீங்களும் வாங்க. முன்ன ஏத்துன கடாவ விக்கலைன்னு நீங்க ஒரு சூடம் அணைங்க."

சுப்புராஜ் முகம் கறுத்துவிட்டது. "ஏலே சதீஸு, ஒம் பொண்டாட்டி வாயி டவுனு வரைக்கும் நீளுதுடா."

கடாக்களை ஏற்றிப்போன வேனை ஓட்டியவன் அவன்தானே? தலை நிமிரவே இல்லை. "குடுத்துரு ஜோதி. சாமியே சைவத்துக்கு மாறிருச்சு, ஒனக்கென்ன வந்துச்சு?"

"சாமி மாறட்டும். எம் பிள்ளைக்காக நான் குடுத்த சொல்லு மாறாது. நான் நேந்தது அருவாக்காரருக்கு. அவரு நல்லமுத்து பெரியப்பா தோட்டத்துல இருக்காரு. அங்க போறேன்."

"படி தாண்டுனா திரும்பி வராத" என்றான் சதீஸ்குமார்.

அவள் உள்ளே போய்ச் சுகப்பிரியாவுக்குத் தலை சீவி, புதுப் பாவாடை கட்டிவிட்டாள். தோளில் ஒரு துணிப்பை, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கடாக்கயிறு. சதீஸ்குமார் வாசலை மறித்து நின்றான். கடா கொம்பைத் தாழ்த்தியது. அவன் விலகிக்கொண்டான். அவள் படியிறங்கிப் போனாள்.