அரநாயக்கவிலிருந்து இரத்தினபுரிக்கு: லொறியிலிருந்து நான்கு முறை இறங்கினோம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மருமகன் சிவலிங்கத்தின் லொறியில் அரநாயக்கவிலிருந்து இரத்தினபுரிக்குப் போய் வந்தேன். எனக்கு வயது எழுபத்தொன்று. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த வருடம்தான். அதனால் இதை எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. சந்தோஷமான நாலு நாள்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. போன வருடம் சிவலிங்கம் லொறியிலிருந்து குதித்து இறங்கினபோது காலுக்கடியில் கல் உருண்டு, முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் பெரிய வண்டி ஓட்டவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணமான பிறகு இதுதான் முதல் தூரப் பயணம். என் மகள் புஷ்பா ஓர் அட்டையில் நான்கு வரி எழுதி, ஸ்டியரிங்குக்கு மேலே சாமிப் படத்தின் பக்கத்தில் ஒட்டினாள்.

"வண்டி நிக்கிற எடத்துல எல்லாம் இதை வாசிங்கப்பா. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க வாசிக்கிறப்ப பாதியில எந்திரிச்சுப் போக மாட்டாரு."

காலை 5.40க்குக் கிளம்பினோம். பின்னால் தேயிலைக் கன்றுகள். வாடாமல் இருக்க வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாவனல்லை 15 கிலோமீட்டர். 6.25க்கு ஒரு கடையோரம் நிறுத்தினோம். மாப்பிள்ளை கதவில் கை வைத்தார். நான் எழுத்துக் கூட்டி ஆரம்பித்தேன்.

"எஞ்சினை நிறுத்தி, கை பிரேக்கை இழுங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குங்கள். லொறியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குங்கள்."

மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். கடைக்கார நானா, ஒரு முஸ்லிம் பெரியவர், தண்ணீர்க் குழாயோடு காத்து நின்றார்.

"என்னய்யா, லொறிக்குள்ள மந்திரமா ஓதுறீங்க?"

"வீட்டம்மா எழுதின மந்திரம், நானா. ஓதாம எறங்கினா சோறு கெடையாது" என்றார் மாப்பிள்ளை.

கேகாலையைத் தாண்டி 8.05க்கு ருவன்வெல்லை. அங்கேயும் வாசித்தேன். இரண்டு பிளேன்டீ, நாலு வடை, 280 ரூபாய். வடை நல்ல சூடு.

அவிசாவளையில்தான் தப்பு செய்தேன். 9.20 இருக்கும். சாலையோரம் எங்கு பார்த்தாலும் பெயர்ப் பலகைகள். 'பல் வைத்தியர்' என்று படித்தேன். அடுத்தது 'டயர் விற்பனை'. வாழ்நாளெல்லாம் இந்த வழியில் வந்திருக்கிறேன், இவை எதுவும் என்னோடு பேசினதில்லை. வண்டி நின்றது தெரியவில்லை. கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பழைய பழக்கத்தில் மாப்பிள்ளை குதித்துவிட்டார். மழையில் நனைந்த தரையில் கால் வழுக்கியது. ஒரு கையால் கதவைப் பிடித்துத் தொங்கினார்.

மெல்ல இறங்கிச் சுற்றி வந்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மடக்கிப் பார்த்தார். மடங்கியது. நீட்டினார். நீண்டது.

"நான் போர்டு படிச்சுக்கிட்டு இருந்துட்டேன் மாப்பிள்ளை."

"குதிச்சது நான் மாமா. போர்டு என்னா செய்யும்?" முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "முக்கால் மணி நேரம் உக்காந்தே வந்தேன்ல, காலு மரக்கட்டையாட்டம் இருந்திச்சு. நீங்க வாசிக்கிற நேரத்துலதான் அது முழிச்சுக்குது."

பத்து நிமிடம் அங்கேயே இருந்தோம். கன்றுகளுக்கு நான் தண்ணீர் தெளித்தேன்.

11.10க்கு இரத்தினபுரி. மீட்டரில் மொத்தம் 112 கிலோமீட்டர். கன்று இறக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அதற்குள் நான்கு வரியும் எனக்குப் பழகிவிட்டது. ஒரே மூச்சில் வாசித்து முடித்து, பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொருக்கா வாசிங்க மாமா. மெதுவா. காலு இன்னும் முழிக்கல."

லொறியில் இந்த வழியாகப் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்புங்கள், அவிசாவளைக்குப் பிறகு வெயில் கடுமை. ருவன்வெல்லையில் வடை சாப்பிடுங்கள். ஓட்டுகிறவர் பக்கத்தில் இப்படி ஓர் அட்டையை ஒட்டிவிட்டு, நிற்கும் இடமெல்லாம் யாராவது வாசியுங்கள். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு முறை வாசியுங்கள்.