அக்கா பாடிய சாக்ஸபோன்

நேற்று ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவினாள். அந்த வாசனையில், ஓசூரில் இன்று மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்ட எங்கள் லைன் வீட்டில், அப்பா அதே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப்ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லேத் ஓட்டிய அப்பா, பெங்களூர் பிளாட்பாரத்தில் வாங்கிய ஜாஸ் கேசட்டில் ஒரு சாக்ஸபோன் மற்ற வாத்தியங்களின் கூட்டத்தை விட்டுத் தனியாகப் புறப்படும் இடத்தையே திரும்பத் திரும்பப் போடுவார். வருகிறவர்களிடமெல்லாம், "எழுதி வச்சு ஊதலைங்க, அந்த நிமிஷம் மனசுல வந்தத ஊதுறான்" என்று பூரிப்பார்.

அந்த இடத்திலேயே டேப் சிக்கி அறுந்தது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கியிருந்த அக்காதான் பிறகு சாயங்காலங்களில் அதைப் பாட வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்காருவார், ஒரு வளைவு பிசகினாலும் கம்பெனியில் பீஸைத் தூக்கிப் போடுவதுபோல "ரிஜெக்ட்" என்பார், ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும், அக்கா முதலிலிருந்து தொடங்குவாள்.

ஒரு நாள் பாதியில் அவள் தன்போக்கில் வேறெங்கோ போனாள். குழாயடியில் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா தண்ணீரை நிறுத்திவிட்டு, "தும்பா சென்னாகிதே!" என்று வியந்தாள். அப்பா கண்ணை மூடி முடிவுவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அவன் ஊதுனது இது இல்ல."

ஸ்கேலை விளிம்புப் பக்கமாகத் திருப்பி அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி நண்பர் ஒருவர் வந்தார். விரல் மடங்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே டம்ளரை ஏந்தி அக்கா காப்பி கொடுத்தாள். மனசில் வந்ததை ஊதியவனின் பெருமையைச் சொல்லி முடித்த அப்பா, "கண்ணு, பாடிக் காட்டு" என்றார்.

ஒரு வளைவுகூடப் பிசகாமல் அக்கா பாடினாள்.