இருநூற்றுப் பன்னிரண்டு ஆமாம்

2015 மார்ச் மாதம், மத்திய ஜாவாவின் வுனிரெஜோ சந்தையில் காய்கறி விற்கும் 212 பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. இடுப்பளவு உயரத்தில் மேசை கட்டிக் கொடுத்தால் நின்றுகொண்டு விற்பீர்களா? 212 பேரும் ஆமாம் என்றார்கள். காய்கறிக்காரிகள் இருநூறு பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது உலகத்தில் எங்காவது நடக்குமா என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. கேள்வித்தாளைத் தயாரித்த வெனிங் பிரஸ்திவிக்கும் தோன்றவில்லை.

வெனிங்குக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யோக்யகர்த்தாவில் ஒரு தனியார் கல்லூரியில் வடிவமைப்பு முறைகள் என்ற பாடத்தை நடத்தினாள். நாற்காலி செய்யவோ விளம்பரம் வரையவோ கற்றுத் தரும் பாடமல்ல அது. எதையும் வரைவதற்கு முன்னால் யாரிடம் போய் என்ன கேட்பது, கேட்டதை எப்படி வகைபிரிப்பது, அட்டையில் செய்து எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லித் தரும் பாடம். அதைப் படிக்க ஹாலந்துக்குப் போய் இரண்டு வருடம் இருந்தாள். திரும்பியபோது அவள் பெட்டியில் சாக்லேட்டுக்குப் பதில் மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டுகள்தான் இருந்தன என்று உறவுக்காரர்கள் இன்னமும் குறைப்படுவார்கள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மஞ்சள் தாள் இபு'. அங்கே மரியாதைக்குப் பெண்ணை இபு என்றும் ஆணைப் பாக் என்றும் அழைப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

ஹாலந்துக்குப் போகும் முன், ஜகார்த்தாவில் பார்த்த முதல் வேலையில் அவள் ஒரு பேருந்து நிழற்குடை வரைந்திருந்தாள். அழகான குடை. மழை பெய்தால் உள்ளே நிற்பவர்கள் வெளியே நிற்பவர்களைவிட அதிகம் நனைந்தார்கள். அங்கே நிற்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேள் என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. அந்த வெட்கம்தான் அவளை இந்தப் பாடத்துக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அவள் சொல்வது ஒன்றுதான்: "நாம கெட்டிக்காரங்கன்னு நினைச்சுக்கிட்டு வரையாதீங்க. போய்க் கேளுங்க."

வுனிரெஜோ சந்தையைப் புதிதாகக் கட்டப்போவதாக மாவட்டத் திட்ட அலுவலகத்திலிருந்து ஹார்திஜந்தோ என்ற அதிகாரி வந்தபோது வெனிங் மகிழ்ந்துபோனாள். நாற்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சந்தையில் இறங்கினாள்.

ஜாவாக்காரர்களிடம் 'இங்கிஹ்' என்றொரு சொல் உண்டு. அகராதியில் அதற்குப் பொருள், ஆமாம். வாயில் அதற்குப் பொருள், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, நீங்கள் மதிப்புக்குரியவர், வெயில் ஏறுகிறது, பத்திரமாகப் போய் வாருங்கள். 'இங்கிஹ் இங்கிஹ் என்பான், ஆளைத் தேடினால் அகப்படமாட்டான்' என்று அவர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள். வெனிங் அதை வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் மதியம் லக்சிதா என்ற மாணவி படிவத்தோடு வந்தாள்.

"இபு, இவங்க ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எல்லாரும் இங்கிஹ்ங்கறாங்க. இதை எந்தக் கட்டத்துல போட?"

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

"இப்போதைக்கு ஆமாம்ல போடும்மா. அலசும்போது பாத்துக்கலாம்."

அலசும்போது யாரும் பார்க்கவில்லை. பதில்களை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிய சுவரில் 'ஆமாம்' பக்கம் முழுக்க மஞ்சள், 'இல்லை' பக்கம் வெறுமை. பத்து வருட வாத்தியார் வேலையில் இத்தனை சுத்தமான சுவரை வெனிங் கண்டதில்லை. அதை மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டாள்.

முறைப்படி அட்டையிலும் மேசை செய்து சந்தையில் மூன்று நாள் வைத்தார்கள். மாணவர்கள் கடிகாரத்தோடு நின்று குறித்துக்கொண்டார்கள். 'ஒவ்வொருவரும் சராசரியாக நாற்பது நிமிடம் நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.'

2016 ஆகஸ்டில் சந்தை திறந்தது. கான்கிரீட் மேசைகள், மேலே வெள்ளை டைல்ஸ். ஜகார்த்தாவிலிருந்து விருது வந்தது. மாவட்டத்தில் இனிக் கட்டும் எல்லாச் சந்தைக்கும் வெனிங்கின் படிவமும் அதோடு சேர்ந்த விதிமுறை வழிகாட்டியும் கட்டாயம் என்று உத்தரவும் வந்தது.

நவம்பரில் விருது மலருக்குப் படம் எடுக்க அவள் போனாள். காலை ஒன்பது மணி, நல்ல வியாபார நேரம். உள்ளே பாதி மேசைகள் காலி. மீதியில் காய் இருந்தது, ஆளைக் காணோம். ஒரு மேசை முன்னால் அவள் நின்றதும் அடியிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது.

"யாரது? மிளகாயா, தக்காளியா?"

எட்டிப் பார்த்தாள். கவிழ்த்த வாளியின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

மற்றவர்கள் வெளியே சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் துமினியை வெனிங்குக்குத் தெரியும். கீரைக்காரி, நாற்பத்தைந்து வயது. முதல் பேட்டி அவளிடம்தான் எடுத்தது.

"துமினி அக்கா, உள்ள இடம் இருக்கே. ஏன் வெளியில?"

"நின்னா முட்டி போகுது. உக்காந்தா ஆளே தெரியல. வாங்க வர்றவங்க கல்லறைய எட்டிப் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போறாங்க."

"கல்லறைன்னாலும் பூவாவது போடுவாங்க," என்றாள் பக்கத்துச் சாக்குக்காரி. நாலு பேர் சிரித்தார்கள்.

"அன்னிக்கு நாப்பது நிமிஷம் நின்னீங்களே! எங்க பசங்க கடிகாரம் வச்சுப் பாத்தாங்க."

"விருந்தாளி நிக்கறப்போ நாங்க எப்படி இபு உக்கார்றது? அந்தப் பொண்ணு கடிகாரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஆண்டவனே, இது எப்போ உக்காருமோன்னு நாங்க வேண்டிக்கிட்டிருந்தோம். அதுக்குத் தாகம் எடுத்து டீக்கடைக்குப் போச்சு. எங்களுக்கு உசுரு வந்துச்சு."

வெனிங் சிரிக்கவில்லை. "அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா? வெளிநாட்டுல படிச்சவங்க, எங்களுக்காக வெயில்ல வந்து நிக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவா?" துமினி கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தாள். "இப்ப ஏன் சொல்றேன்னா, அடுத்த வாரம் நான் பாத்தாம் தீவுக்குப் போறேன், வீட்டு வேலைக்கு. இனிமே உங்களப் பாக்கப் போறதில்ல."

மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. துமினியின் மேசையில் போன் உறை விற்கும் ஒருவன் கடை போட்டுவிட்டான். செல்போன் உறையை நின்று விற்பது வசதி.

வெனிங் நேராகத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். தலாங் சந்தைக்கு அதே வரைபடம், 340 மேசைகள், அனுமதிக்குக் காத்திருந்தது. அங்கே காய்கறி விற்பவர்களும் 340 பேர்.

"பாக் ஹார்திஜந்தோ, தலாங் வேலைய நிறுத்துங்க. நான் செஞ்சது தப்பு."

அவர் டீயில் சர்க்கரை கலக்கினார். "தெரியும் இபு."

"எப்போ தெரியும்?"

"முதல் நாளே. எங்கம்மா முப்பது வருஷம் வெங்காயம் வித்தவங்க. உக்காந்துதான் வித்தாங்க."

"ஒரு வார்த்தை சொல்லலியே பாக்!"

"நீங்க சுவர் நிறைய மஞ்சத்தாள் ஒட்டி வச்சிருந்தீங்க. எங்கிட்ட எங்கம்மா மட்டும்தான் இருந்தாங்க."

வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "நிறுத்தணும்னா வழி ஒண்ணுதான். படிவத்துல பாதிப் பேருக்கு மேல இல்லன்னு வரணும். உங்க படிவம்தான். நான் கைவைக்க முடியாது. இருபது நாள் இருக்கு."

தலாங்குக்கு வெனிங் தனியாகப் போனாள். மாணவர்கள் இல்லை, கடிகாரம் இல்லை. யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று முதல் கடைக்காரியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பதறிப்போய்த் தன் முக்காலியை இழுத்துப் போட்டாள். "மண்ணுல உக்காரலாமா இபு!" பிறகு அவளே நின்றுகொண்டாள்.

"மேசை வேண்டாம்தானே உங்களுக்கு?"

"இங்கிஹ்."

வெனிங்கின் பேனா 'இல்லை' கட்டத்துக்குப் போயே விட்டது. ஆனால் ஒரு பதிலை நம்பும் முன் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேள் என்று வருடா வருடம் பாடம் நடத்தியவள் அவள்.

"மேசை வேணும்தானே?"

"இங்கிஹ்."

அடுத்த கடை, அதற்கடுத்த கடை. ஏழு பேரிடம் இரண்டு விதமாகவும் கேட்டாள். பதினான்கு இங்கிஹ். ஏழாமவள் இரக்கப்பட்டாள். "உங்களுக்கு எது நல்லதோ அதையே போட்டுக்கங்க இபு. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்."

எல்லாவற்றிலும் 'இல்லை' என்று போட்டிருக்கலாம். ஒருத்தியும் கேட்டிருக்கமாட்டாள், ஹார்திஜந்தோவும் கண்டுகொண்டிருக்கமாட்டார். முக்காலியில் உட்கார்ந்து வெனிங் வெகுநேரம் யோசித்தாள். இவர்கள் வாயில் வராததை நாமாக எழுதித்தான் துமினியை ஊரைவிட்டு அனுப்பினோம், இப்போது மறுபடியும் அதையேவா? பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் கிழித்தாள். அதற்கு மேலே 'இங்கிஹ்' என்று எழுதினாள். பதினெட்டு நாள் போய் 340 படிவங்களையும் முடித்தாள். 340 குறிகளும் அந்தக் கட்டத்தில் விழுந்தன. பக்கத்தில் ஒவ்வொருத்தியும் எதன்மேல் உட்கார்ந்திருந்தாள், அவளோடு பேச வாங்குபவர்கள் எவ்வளவு நேரம் குந்தினார்கள் என்பதையும் சிறு எழுத்தில் குறித்தாள். பத்து வருடத்தில் அவள் செய்த மிக நல்ல ஆய்வு அதுதான்.

படிவங்கள் நான்காம் நாளே திரும்பி வந்தன. கூடவே ஒரு பக்கக் கடிதம். அங்கீகரிக்கப்பட்ட படிவம் திருத்தப்பட்டிருப்பதால் செல்லாது. வழிகாட்டியின் ஆறாவது விதிப்படி, செல்லாத படிவம் மறுப்பில்லை என்றே கொள்ளப்படும். வழிகாட்டியை எழுதியவளும் வெனிங்தான். ஆறாவது விதியை வேலை சுணங்காமல் இருக்கட்டும் என்று சேர்த்திருந்தாள்.

கடிதத்தின் கீழே கையெழுத்து ஹார்திஜந்தோவுடையது. வெனிங் அவருக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் அவர் எடுத்தார், நலம் விசாரித்தார், மன்னிப்புக் கேட்டார்.

தலாங் சந்தைக்கு முதல் கான்கிரீட் லாரி வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறது.