தெல்மா எழுதிய புகார்க் கடிதம்

இங்கிலாந்தின் ஹல் நகரத்து மாலைப் பத்திரிகை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவள் தெல்மா பிராக்கில்பேங்க். நிருபர்கள் அவசரத்தில் கொட்டிவிட்டுப் போவதை அச்சுக்குத் தகுந்ததாக்குவது அவள் வேலை. அதை அவள் கண்ணைவிடக் காதால்தான் அதிகம் செய்தாள். ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பார்ப்பாள். எதிர் மேஜையில் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் நைஜல் ஒரு வம்புக்காரன்.

"என்ன தெல்மா, ஜெபமா? எனக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லி வையேன்."

"உனக்கு ஜெபம்லாம் பத்தாது, நைஜல்."

முணுமுணுப்புக்குக் காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் 'ஒரு' என்று சொல்ல 'எ', 'ஆன்' என்று இரண்டு உண்டு. உயிரொலிக்கு முன்னால் 'ஆன்', மற்றதற்கு 'எ'. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். சுருக்கப் பெயர்கள் வந்தால்தான் வினை. ஆங்கிலத்தில் எழுதினால் எம்.பி.யின் முதல் எழுத்து மெய், ஆனால் வாய் சொல்வது 'எம்', அதனால் 'ஆன்'. ஐ.நா.வைக் குறிக்கும் யு.என்.னின் முதல் எழுத்து உயிர், வாய் சொல்வது 'யு', அதனால் 'எ'. எழுத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், சொல்லிப் பார்த்தால்தான் தெரியும் என்பது அவள் கட்சி. இதற்கெல்லாம் ஒரு ஆள் வேண்டுமா என்று கேட்பவர்களோடு அவள் பேசுவதே இல்லை.

போன இலையுதிர் காலத்தில் முதலாளிகள் பிழை திருத்த ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டார்கள். அதற்கு வாய் ஏது? முதல் எழுத்தைப் பார்த்து 'எ'யும் 'ஆன்'னும் போட்டுக்கொண்டே போனது. பத்திரிகை ஆசிரியர் ரஸ்ஸல் பெட்ச் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் அதுவே திருத்தட்டும், நீங்க கை வைக்காதீங்க. வாசகர்கள் புகார் சொன்னா உங்க மேஜை இருக்கும். சொல்லலேன்னா, என் கையில ஒண்ணுமில்ல."

"சொல்லுவாங்க ரஸ்ஸல். மூட்டை மூட்டையா வரும் பாருங்க."

அந்த மாதம் முழுக்க அவள் சிவப்புப் பேனாவோடு பத்திரிகையைப் படித்தாள். அறுபத்திரண்டு தப்பு. கடிதங்களும் வந்தன: குப்பை லாரி வரவில்லை, குறுக்கெழுத்தில் குறிப்பு சரியில்லை, ரக்பி அணியை நைஜல் மட்டம் தட்டிவிட்டான். இதைப் பற்றி மட்டும் மூச்சில்லை. தபாலைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் முதலில் அதைத்தான் தேடினாள். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? அதைவிடப் பெரிய பயமொன்றும் இருந்தது. இத்தனை வருஷமும் யாருமே கவனிக்கவில்லையோ?

நான்காவது வாரம் அவள் வெட்கத்தை விட்டாள். ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினியர் ஒருவரைக் கற்பனை செய்து, அவர் பெயரில் தானே ஒரு கடிதம் அடித்தாள். நாலு தப்பைச் சுட்டிக்காட்டி நாகரிகமாகத் திட்டினாள். பஸ் பிடித்துப் பக்கத்து ஊர் பெவர்லிக்குப் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ரஸ்ஸல் அந்தக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கடைசி வரிக்குக் கீழே தனியாக 'முற்றும்' என்று இருந்தது. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் போடுவது அது, இதற்குமேல் பக்கம் இல்லை என்று அடுத்தவருக்குத் தெரிவதற்காக. வாசகர் எவரும் கடிதத்தில் அப்படி எழுத மாட்டார். அவளைக் கேட்காமலே விரல்கள் அடித்திருந்தன. திரும்பத் திரும்பப் படித்தும் அவள் கண்ணில் படவில்லை.

தெல்மாவுக்குக் காது மடல்வரை சூடேறியது.

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"நான் மட்டும்தான். எனக்குக் கோபம்லாம் இல்ல தெல்மா."

"இன்னும் ஒரு வாரம் பொறுங்க. நிஜமாவே எழுதுவாங்க."

ரஸ்ஸல் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"இந்த மாசம் முந்நூறு கடுதாசிக்கு மேல வந்திருக்கு. எல்லாத்தையும் நானே உக்காந்து படிச்சேன், உங்களுக்காகத்தான். இதப் பத்தி வந்தது இது ஒண்ணுதான்."

அவள் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டாள். மேஜையைக் காலி செய்யப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.