‘மெர்சி’க்கு அடியில் ஒட்டிய கடிதங்கள்

லினோலியம் தகட்டின்மேல் மையுருளை ஓடும்போது, பிசுக்குத் தரையிலிருந்து ஈரச் சப்பாத்தைப் பிய்ப்பதுபோல ஒரு சத்தம் வரும். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், பிரெஞ்சு பேசும் லாசாலில் நான் படித்த பள்ளியின் ஓவிய அறை முழுக்க அந்தச் சத்தமும் மைநெடியும்தான். எனக்கு வயது பதினான்கு. என் மேசைத் தோழன் நவீத், தெஹ்ரானிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். பிரெஞ்சில் போலவே பாரசீகத்திலும் நன்றிக்கு ‘மெர்சி’ என்பார்களாம். ஆகவே அந்தச் சொல்லை அவன் பாரசீக எழுத்திலும் நான் லத்தீன் எழுத்திலும் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிடத் தீர்மானித்தோம். தமிழைச் செதுக்கியிருக்கலாமே என்பீர்கள். சுழிக்குச் சுழி கத்தி வழுக்கும். எனக்கோ விரல்கள்மேல் பற்று அதிகம்.

பின்னணியில் ஒட்டுவதற்கு நவீத் ஒரு கட்டுக் கையெழுத்துக் ‘கடதாசி’ கொண்டுவந்தான். “வீட்டில் யாருக்கும் வேண்டாதது, தாராளமாகக் கிழி” என்றான். பாரசீகத்தில் ஓர் எழுத்தும் அறியாத நான், அழகாக வளைந்த வரிகளாகப் பார்த்துக் கிழித்து, சிலவற்றைத் தலைகீழாகவும் ஒட்டி, மேலே கறுப்பு மையில் என் ‘மெர்சி’யை அழுத்தினேன்.

கண்காட்சியன்று நவீதின் தாய் எங்கள் படத்தின் முன் நின்றவர் நகரவேயில்லை. கழுத்தைச் சாய்த்து ஒரு தலைகீழ் வரியை வாசித்தார். எல்லாம் அவருடைய இறந்துபோன தகப்பனார் எழுதிய கடிதங்கள்.

“யார் கிழித்தது?”

நவீத் என்னைக் காட்டினான். “ஆசிரியைக்குக் காட்டத்தான் கொண்டுவந்தேன். இவன் என் பையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டான்.”

அந்தக் கணத்தில் நிமிர்ந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் படித்த பிரெஞ்சு முழுவதும் ஆவியாகி, வாயில் மிஞ்சியது ‘போன்ஜூர்’ ஒன்றுதான். அதையே சொன்னேன். தகப்பனின் கடிதம் கிழிந்து நிற்கும் பெண்ணுக்கு ஒரு வணக்கம்! பொலிஸ் வரும், நாடுகடத்துவார்கள், பக்கத்துத் தீவான இல்-பிசாரிலிருந்து படகேறித் தப்பலாம் என்று திட்டம் போட்டேன். நடந்ததோ ஆறு உறைந்துகிடக்கும் மாசி மாதம். படகு கோடையில்தான் ஓடும்.

கண்காட்சிக்குக் கூட வந்திருந்த அம்மா கேட்டார்: “நீயோ கிழிச்சனி?”

“ஓம். ஆனா அம்மா…”

“ஆனாவும் ஆவன்னாவும் பேந்து. முதல் அவவிட்ட மன்னிப்புக் கேளடா.”

கேட்டேன். நவீத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் எத்தனை தரம் விளக்கியும், “சினேகிதன்ர தலையில பழி போடாதை” என்பதே அம்மாவின் தீர்ப்பு.

சென்ற மாதம் லாசால் மளிகைக்கடையில் நவீதின் தாயைக் கண்டேன். நரைக்கத் தொடங்கிய தலையோடு நான் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினேன். கண்டுபிடித்துவிட்டார்.

“ஏன் ஒளிகிறாய்? தான்தான் கொடுத்ததென்று நவீத் மறுவாரமே அழுது சொல்லிவிட்டானே. உன் அம்மாவிடமும் போய்ச் சொல்லச் சொல்லி அவனை அனுப்பினேன். போய்ச் சொன்னேன் என்றானே!”

அவன் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீட்டில் நான் இத்தனை வருடமாக நிரபராதி, எனக்குத்தான் தெரியாது.

அந்த ஓவிய அறை இப்போது கணினிக்கூடம். படத்தை யார் எறிந்தார்களோ. அம்மா போய் ஆறு வருடமாகிறது. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தனக்கு வந்த கடிதங்களை அவர் அலுமாரியில் பூட்டியே வைத்திருந்தார். சாவியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, பக்கத்தில் நின்ற என்னைத் தாண்டி, என் தங்கச்சியின் கையில் கொடுத்தார்.